உக்காந்து பாத்தாத்தான் தெரியும்

...நேத்தே முடிஞ்ச வேலைங்க டாக்டர், நேத்தே. தொடைச்சு, பளபளன்னு ஆக்கி, மேல துணிகூட போத்தியாச்சு. இன்னிக்குக் காலையில எங்க வீட்டுக்காரரு எழுந்து பல்லுகூட வெளக்காம நேரா ஷெட்டுக்குப் போயி மறுபடி அறுக்கறாருன்னா, அந்த மனுசன நான் என்னன்னு சொல்றது. மன்னிச்சுக்குங்க, பல் டாக்டர்கிட்ட அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கேக்குதில்ல, அந்தக் 'கிர்ர்ர்'? உங்க காருதான். பதறாதீங்க. அசையவும் அசையாதீங்க, வாயில குண்டூசி வச்சிருக்கேன். நீங்க திரும்பினா நானும் திரும்பணும், நான் திரும்பினா ஊசி உள்ள போயிடும், அப்பறம் உங்களுக்குத்தான் வேலை. வாய்க்குள்ள போறதெல்லாம் உங்க பொறுப்புதானே.

கொஞ்ச நேரந்தான். இதோ முடிச்சுடுவாரு. அதுவரைக்கும் சும்மா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு, நீங்க குடுத்த துணிக்கு ஒரு ட்ரையல் பாத்துட்டா எனக்கும் ஒரு வேலை முடியுமில்ல. உங்க பேன்ட்ட மடிச்சு அலமாரியில வச்சிருக்கேன். பத்திரமா இருக்கும், பூட்டித்தான் வச்சிருக்கேன். இல்லல்ல... வேற எதுக்கும் இல்லைங்க, பூனை வரும்.

நேரா நில்லுங்க. வயித்த உள்ள இழுக்காதீங்க, எல்லாரும் இதத்தான் பண்றாங்க. அளவெடுக்கறப்போ மூச்சப் புடிச்சு இளைச்சுக்கறது, அப்பறம் சாப்பிட்டுட்டு வந்து 'பேன்ட்டு டைட்டா தச்சுட்டே'ன்னு என்னைத் திட்டறது.

நான் மொத நாளே கேட்டேன் அவர, ஒரு காருக்கு எதுக்கு ரெண்டு புகைக்குழாய்ன்னு. வர்ற புகை ஒண்ணுதானே, அது எந்த வழியா போனா என்னன்னு. அதுக்கு அவரு, கையில இருந்த டீய வச்சுட்டாரு. டீய வச்சாருன்னா பெருசா சொல்லப் போறாருன்னு அர்த்தம். 'இந்த என்ஜினுக்கு ரெண்டு பக்கம். ரெண்டு மூக்குத் தொளை மாதிரி. ரெண்டும் தனித்தனியா மூச்சு விடுது. கம்பெனிக்காரன் ரெண்டையும் புடிச்சு ஒரே குழாயில விட்டுட்டான். சளி புடிச்சவன் மாடிப்படி ஏறற மாதிரி ஓடுது பாவம். நான் கடைசி வரைக்கும் ரெண்டு தனி வழி போட்டுக் குடுத்தேன்னு வையி, அது சிறுத்தை.' அப்படின்னாரு. சரி, தனி வழின்னா தனி வழின்னு விட வேண்டியதுதானே. நடுவுல ஒரு எடத்துல ரெண்டையும் பெருக்கல் குறி மாதிரி சேத்துத் திருப்பிப் பிரிக்கறாரு. ஏங்கன்னா, 'ரெண்டும் ஒரு எடத்துல பேசிக்கணும், இல்லன்னா ஒண்ணு ஒரு பக்கமும் இன்னொண்ணு ஒரு பக்கமும் இழுத்துக்கிட்டு சத்தம் கரகரன்னு வரும்'ங்கறாரு. இத ஏன் நம்ம வீட்டுல நீங்க செய்யறதில்லன்னு கேட்டேன். டீய எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போயிட்டாரு.

என் நாத்தனா அப்ப இங்கதான் இருந்தா, இதோ இந்த ஸ்டூல்ல. அவ ஒருத்தி. 'ஏண்ணே, சத்தத்துக்குத்தான்னா உனக்கு எதுக்குண்ணே ரெண்டு குழாய், அண்ணிய புடிச்சு வண்டியில உக்கார வச்சுக்கோ'ங்கறா. சிரிக்காதீங்க டாக்டர், இடுப்பு அளவு மாறுது.

உங்ககிட்டயும் எனக்கு ஒரு கோவம் இருக்கு, சொல்லிடறேன். வண்டிய விட்டுட்டுப் போனீங்களே அன்னிக்கு, என்ன சொல்லிட்டுப் போனீங்க? 'வண்டி கத்தக் கூடாது. ஒரு பெரிய மனுசன் ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி தொண்டையக் கனைப்பாரே, அப்படி இருக்கணும்.' சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு ஆட்டோ ஏறிப் போயிட்டீங்க. இங்க என் நெலமை? சோத்துல கை வச்சா கனைக்கறாரு. குளிக்கப் போனா கனைக்கறாரு. ஒருநாள் குளியலறையில ரொம்ப நேரமா ஆளக் காணோமேன்னு கதவத் தட்டினா, பக்கெட்ட கவுத்து அதுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு 'ம்ம்ம்ம்'ன்னு இருக்காரு. என்னைப் பாத்ததும் 'இது சரியா இருக்கா? இன்னும் கொஞ்சம் கீழ எறங்கணுமா?'ங்கறாரு. அடுத்த பக்கெட்ட எடுத்து அதுல ஒரு 'ம்ம்ம்'. பெரிய பக்கெட்டு, சின்னப் பக்கெட்டு, குழந்தையக் குளிப்பாட்டற தொட்டி, ஒண்ணு விடல. கடைசியில தொட்டிதான் உங்க சைலன்சருக்கு அளவு. நெசமாத்தான். நீங்க வேணா உள்ள போயி அந்தத் தொட்டிக்குள்ள தலைய விட்டுப் பாருங்க... இப்ப வேணாம், இடுப்புல ஊசி இருக்கு.

குழந்தையா? முழிக்க மாட்டா. இதோ மேசை மேலதான் தூங்கறா, அந்தத் துணிக் குவியலுக்கு நடுவுல. அவரு குழாய் அறுக்கற கிரைண்டர் ஓடற வரைக்கும் கும்பகர்ணி. நிறுத்தினாத்தான் முழிப்பா. மத்த வீட்டுல புள்ள தூங்குதுன்னா சத்தம் போடாதேங்கறாங்க, எங்க வீட்டுல புள்ள தூங்கணும், போயி எதையாவது அறுங்கன்னு நானே அனுப்பறேன்.

ஒரு கால முன்னாடி வைங்க. ம்ம். சரி.

நீங்க நெனைப்பீங்க, தையக்காரிக்கு இவ்ளோ வண்டி வெவரம் எப்படின்னு. அது ஒரு கதை. அவரு அந்தப் பெருக்கல் குறி செய்யறப்போ ஒரு குழாய் பக்கத்துல இன்னொரு குழாய சாய்வா ஒட்ட வைக்கணும். உருண்டையா இருக்கறது மேல உருண்டையா இருக்கறது. இவரு வெட்டி வெட்டி வச்சுப் பாக்கறாரு, ஒரு பக்கம் இடிக்குது, ஒரு பக்கம் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. குழாய் வீணாப் போறதப் பாத்தா எனக்குத் துணி வீணாப் போற மாதிரி வயிறு எரியுது. நான் சோறு குடுக்கப் போனவ பாத்துட்டு, 'என்னங்க இது, சட்டைக்குக் கை வைக்கற மாதிரிதானே'ன்னேன். ஆமாங்க, கைக்கு மேல ஒரு வளைவு வெட்டுவோமில்ல, தோள்ல போயி உக்கார்றதுக்கு? அதே வளைவு. காகிதத்துல வெட்டி, குழாயச் சுத்தி ஒட்டிக் குடுத்தேன். கோடு போட்டு அறுத்தாரு. வச்சாரு. ஒரு நூலு கேப்பு இல்ல. மனுசன் என்னைப் பாத்தாரு பாருங்க, கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிப் பாக்கல.

பள்ளிக்கூடத்துல பெருக்கல் குறியப் பாத்தாலே எனக்கு வயித்து வலி வந்துடும். கெணத்தடியில போயி ஒளிஞ்சுக்குவேன். அப்படிப்பட்டவ கடைசியில இரும்புல பெருக்கல் போட்டிருக்கேன் பாருங்க.

அன்னிலேர்ந்து அளவெல்லாம் என் டேப்புதான். இதோ இதே டேப்பு. உங்க இடுப்புல இருக்கே, இதான் உங்க வண்டிக்கு அடியிலயும் ஓடுச்சு. கறை? அது... தொடைச்சுட்டுத்தான் சுத்தியிருக்கேன், கவலைப்படாதீங்க.

அதுக்கப்பறம் கம்பி. தடிக் கம்பிய எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்து, குழாய் எந்த வழியா போகணுமோ அந்த வழியா வளைச்சு வளைச்சுக் குடுப்பேன். என்ஜின்லேர்ந்து நேரா வந்து, பெருக்கல் குறி தாண்டி, ரெண்டு பின்சக்கரத்துக்கும் நடுவுல குறுக்கால ஒரு பெரிய இரும்புத் தண்டு இருக்குமே, அச்சு, அதுக்கு மேல பாலம் மாதிரி ஏறி எறங்கி, பின்னாடி வெளிய வரணும். அதே மாதிரி அவரு குழாய வளைச்சுடுவாரு. ஒட்டறப்பவும் மொதல்ல புள்ளி புள்ளியாத்தான் ஒட்டுவாரு. நாங்க நூல் ஓட்டிப் பாக்கறோமில்ல, அதான். சரியா உக்காந்தப்பறந்தான் முழுசா வெல்டிங்.

அதனாலதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. அவ்ளோ அழகா முடிச்சத இன்னிக்கு இவரு... கேளுங்க, கேளுங்க, அறுக்கறாரு பாருங்க. நேத்து சாயங்காலம் தெருமுனை ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கறப்போ 'டங்'குன்னு ஒரே ஒரு சத்தம், அதுக்குப் போயி...

ஒண்ணுமில்லையே. நான் ஒண்ணும் சொல்லலையே.

டீ எடுத்துக்குங்க. ஆறுது பாருங்க.

சரி, நீங்க அப்படிப் பாத்தா நான் என்ன பண்ணுவேன். சொல்லிடறேன், ஆனா நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லக் கூடாது. உங்க வண்டிய நாங்க ஒரு வெள்ளோட்டம் பாத்தோம், நானு, அவரு, மடியில இவ. ஸ்டார்ட் பண்ணாரு... ஐயோ டாக்டர். தொட்டிக்குள்ளேர்ந்து வந்த அதே 'ம்ம்ம்'. என் முதுகுல கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி இருந்துச்சு. புள்ள கையத் தட்டுது. தெருவே வாசலுக்கு வந்துடுச்சு. நான் என்னமோ நானே பெத்தெடுத்த மாதிரி கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஸ்பீடு பிரேக்கர் வந்துச்சு. ஏறினோம். எறங்கினோம். டங்.

குழாய் அச்சுல இடிக்குது. நாலு வெரல் எடம் இருக்க வேண்டிய எடத்துல ஒரு வெரல்கூட இல்ல. அவரு மூஞ்சியப் பாக்கணுமே. வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடிச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்துட்டாரு. நானும் பின்னாடியே படுத்தேன்.

அது எப்படின்னா, வெளக்கறேன் இருங்க. இப்ப நீங்க நின்னுக்கிட்டு இருக்கீங்க. பேன்ட்டு எவ்ளோ அழகா விழுது பாருங்க கண்ணாடியில. இதே அளவுல தச்சுக் குடுத்துடலாம்னு தோணும். ஆனா நீங்க உக்காந்தா? பின்னாடி இழுக்கும். முட்டியில ஏறும். அதனாலதான் நான் யாரா இருந்தாலும், நின்ன அளவு எடுத்துட்டு, உக்காருங்கன்னு சொல்லி ஒரு தடவை பாப்பேன். பேன்ட்டுங்கறது உக்காந்து பாத்தாத்தான் தெரியும். இந்த ஊர்ல யார வேணா கேளுங்க, எனக்குப் பேரே 'உக்காருங்கம்மா'தான்.

காரும் அப்படித்தானாம். ஜாக்கி வச்சுத் தூக்கி, ஸ்டாண்டுல நிறுத்தினா, சக்கரம் தொங்குது. சக்கரத்தோட அந்த அச்சும் கீழ தொங்கிடும். அப்ப அளந்தா மேல நெறைய எடம் இருக்கற மாதிரி இருக்கும். வண்டிய எறக்கி டயர்ல உக்கார வச்சா, அச்சு மேல ஏறி வந்து குழாய முட்டுது. அதனால டயருக்கு அடியில கட்டைய வச்சு, வண்டிய அது மேல எறக்கி, உக்காந்த அளவு எடுத்திருக்கணும். எடுக்கல. இது கூடத் தெரியாதா ஒரு மனுசனுக்கு? இத்தன வருசம் வேலை பாத்தவரு, உக்கார வச்சு அளக்கணும்னு...

அளந்தது யாருன்னா?

...டாக்டருங்க எல்லாம் ரொம்பக் கேள்வி கேக்கறீங்க. வாயத் தொறங்கன்னு நீங்கதானே சொல்லணும், என் வாய எதுக்குக் கிளறறீங்க.

ஆமா. நாந்தான். ஊருக்கெல்லாம் உக்காருங்க உக்காருங்கன்னு சொல்றவ, ஒரு காரை உக்காரச் சொல்லல. போதுமா?

ஆனா அவரு கட்டை போட்டிருந்தா நான் ஏன் தப்பா அளக்கப் போறேன்? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்னு நெனைக்காதீங்க. அவரு கேட்டாரு, 'நாலு மரக்கட்டை வச்சிருந்தேனே, பாத்தியா'ன்னு. நான், 'அதெல்லாம் எங்க தேடறது, தொங்கினா தொங்கிட்டுப் போவுது, நான் அளந்துக்கறேன், நீங்க போயி குழாய அறுங்க'ன்னேன். அவரும் தையக்காரி சொல்றாளேன்னு போயிட்டாரு.

கட்டை எங்க இருந்துச்சுன்னு...

கிரைண்டர் நின்னுடுச்சு. இருங்க, கூப்பிடறாரு. 'என்னங்க? ஒட்டியாச்சா? ...எது? ...கட்டையா? ...தேடறேன் இருங்க.'

டாக்டர், நீங்க நல்லவரு. உங்க பல்லப் பாத்தாலே தெரியுது. இந்தத் துணி வெட்டற மேசை ஏன் இவ்ளோ ஒசரமா இருக்குன்னு வந்ததுலேர்ந்து நெனைச்சிருப்பீங்க. குனிஞ்சு குனிஞ்சு வெட்டி எனக்கு முதுகு விட்டுப் போச்சுங்க. காருக்கும் நாலு காலு, மேசைக்கும் நாலு காலு. குனிஞ்சு பாருங்க... உஷ், சத்தமா சிரிக்காதீங்க, அவருக்குக் கேக்கும். அவரு வீடு பூரா தேடிட்டாரு, இத மட்டும் பாக்கல. துணி தொங்குதில்ல சுத்தி.

அந்தப் பக்கம் மேசையத் தூக்கிப் புடிங்க, கட்டைய உருவிடலாம். புள்ளைய நான் எடுத்துக்கறேன்... வாடி தங்கம், தூங்கு தூங்கு. மெதுவா. ஒரு காலு. இன்னொண்ணு. பேன்ட்டுப் பின்பக்கம் பூரா ஊசி, பாத்துக் குனியுங்க. அவ்ளோதான். பின்வாசல்ல வச்சுட்டு வந்துடுங்க, அவரு எடுத்துப்பாரு. வச்சுட்டு, அப்படியே அந்தத் திரைக்குப் பின்னாடி போயி, பேன்ட்ட மெதுவா கழட்டிக் குடுங்க. இழுத்துக் கழட்டாதீங்க.

முழிச்சுட்டா. சொன்னேனில்ல, சத்தம் நின்னா முழிப்பான்னு. அம்மாதான்டி, அம்மா.

திரைக்குப் பின்னாடி ஆணி இருக்கும், அதுல மாட்டுங்க.

டாக்டர், நீங்க அங்க மறைவா நிக்கறதும் நல்லதுதான். மூஞ்சியப் பாத்துச் சொல்ல வராது எனக்கு. இவ்ளோ நேரம் நான் அவரத் திட்டினேனில்ல, அதெல்லாம் சும்மா. உங்கள நிறுத்தி வைக்கணும், வாயி பாட்டுக்கு எதையாவது பேசணும், திட்டறதுக்கு வீட்டுல இருக்கறது அவரு ஒருத்தருதானே. இது அவரு தனியா வந்து எடுத்த மொத வண்டி. பழைய மொதலாளி, 'போ, போ, உன் ஸ்டூல நான் எடுக்க மாட்டேன், சீக்கிரமே திரும்பி வந்து உக்காருவே'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லி அனுப்பினாரு. நாளைக்கு நீங்க மலைப்பாதையில உங்க கூட்டாளிங்களோட ஓட்டப் போறீங்க. அவங்க முன்னாடி இந்த வண்டி டங்குன்னா, அவரு போயி அந்த ஸ்டூல்லதான் உக்காரணும். நேத்து ராத்திரி நான், 'டாக்டர்கிட்ட நான் அளந்தேன்னு சொல்லிடுங்க'ன்னேன். 'உன் அளவு என் அளவுதான்டி, போயித் தூங்கு'ன்னுட்டாரு. நான் தூங்குவேனா?

அதனால டங்குன்னா என்னைத் திட்டுங்க. அவர விட்டுடுங்க. சரியா டாக்டர்?

ஏதாவது சொல்லுங்க. சரிங்கறதுக்கு ஒரு 'ம்'மாவது...

ம்ம்ம்ம்.

அது... அது நீங்க இல்லையே. அது வண்டியில்ல? தங்கம், கேக்குதாடி? உன் தொட்டிதான்டி அது. கைதட்டு, கைதட்டு. முடிச்சுட்டாரு உங்கப்பா. டாக்டர், வெளிய வாங்க, உங்க கார் கனைக்குது, வந்து... டாக்டர்? திரைய வெலக்கட்டுமா? கண்ண மூடிக்கிட்டு வெலக்கறேன்...

ஆளக் காணோம். பேன்ட்டயும் காணோம்.

பாத்தியாடி, கட்டைய வைக்கப் போன ஆளு அங்கயே நின்னுட்டாரு. இவ்ளோ நேரம் நான் ஆணிக்கா கதை சொல்லிக்கிட்டு இருந்தேன்? வா, ஜன்னலுக்கு வா. அதோ உங்கப்பா, அங்க குனிஞ்சு வெரல விட்டுப் பாக்கறாரு. எத்தன வெரலு காட்டறாரு? நாலா? நாலுடி. நாலும் உள்ள போகுதுடி. வண்டிக்கு அடியிலேர்ந்து யாரோ எழுந்து வர்றாங்க, முழங்கால்ல பூரா மண்ணு, நான் தச்ச பேன்ட்டு... யாரு அந்தாளு, டாக்டரா அது? அவரு எப்ப அடியில படுத்தாரு? சக்கரம் தரையிலதான் நிக்குது, கட்டைய எடுத்தாச்சு போல. சாவிய வாங்கறாரு. கதவத் தொறக்கறாரு...

ஐயையோ. டாக்டர், உக்காராதீங்க. டாக்டர், இங்க... இந்த ரெண்டு குழாய் வந்ததுலேர்ந்து நான் கத்தினா யாருக்குக் கேக்குது. உக்காராதீங்க. பின்னாடி ஊசி. என்னங்க, நீங்களாவது சொல்லுங்க அவருக்கு, உக்கார வேணாம்னு...

உக்காந்துட்டாரு.

அசையல. மூஞ்சி மாறல. பாதி உக்காந்த மாதிரி இருக்கு, நுனியில உக்காந்திருக்காரு போல. ஓட்டறாருடி. கெளம்பிட்டாரு. உங்கப்பா ஓடிப்போயி பக்கத்துல ஏறிட்டாரு. போகுது பாரு, பெரிய மனுசன் போற மாதிரி போகுது. தெருமுனை வந்துடுச்சு. அம்மாவ நீ கெட்டியாப் புடிச்சுக்கோடி. ஸ்பீடு பிரேக்கர். ஏறுது. ஏறிடுச்சு. எறங்குது...

கேட்டுச்சா?

டங்குன்னு இல்ல. நல்லாக் கேட்டேன், டங்குன்னு இல்லவே இல்ல. எல்லாரையும் 'ஆ'ன்னு வாயத் தொறக்கச் சொல்ற மனுசன், தெருமுனை வரைக்கும் கேக்கற மாதிரி, ரெண்டு குழாயையும் தாண்டி, அவரே சொல்றாருடி...

'ஆ'.